உருவத்தை உணர்த்தும் எட்டு எண்கள்



வானொலியிற் படம் வரைந்து காட்டுதல் இயலாது. ஆயினும், நாற்பக்கல் ஒன்றின் நான்கு உச்சிகளுக்குரிய எட்டு எண்களைச் சொன்னாற் போதும். அது சதுரமா, செவ்வகமா, சாய்சதுரமா என்பதைக் கேட்போர் தாமே தீர்மானிக்கலாம். இவ்வாற்றலை அளிப்பது ஆள்கூற்றுக் கேத்திரகணிதம். பிரெஞ்சு அறிஞர் தேக்காட்டு 1637இல் வெளியிட்ட கேத்திரகணித நூல், வடிவங்களை அட்சரகணிதத்தால் ஆராயும் நெறிக்கு வித்திட்டது. அவர் காலத்தவரான பேர்மாவும் அந்நெறியைத் தனித்தே கண்டார்.

இனி, ஓர் உருவத்தைச் சோதிப்போம். உச்சிகள் முறையே 0, 0, 20, 0, 21, 20, 1, 20. ஒவ்வொரு சோடியிலும் முதலெண் கிடைத்தூரம்; மற்றையது நிலைக்குத்துத் தூரம். கையால் வரைந்து பார்ப்போர் இதனைச் சதுரமென்றே கொள்ளக்கூடும். மூலைவிட்டங்கள் யாது கூறுகின்றன?

முதலாவது சோதனை நடுப்புள்ளி. எதிர் உச்சிகளின் எண்களை முறையே கூட்டி இரண்டால் வகுத்தால், இரு மூலைவிட்டங்களுக்கும் 10½, 10 என்னும் ஒரே புள்ளி கிடைக்கிறது. அவை ஒன்றையொன்று இருசமக்கூறிடுவதால், உருவம் இணைகரம் என்பது உறுதி.

இரண்டாவது நீளம். பைதகரசின் தேற்றப்படி ஒரு மூலைவிட்டத்தின் வர்க்கம் 441 சக 400, அதாவது 841. அதன் நீளம் 29. மற்றையதன் வர்க்கம் 361 சக 400, அதாவது 761. நீளங்கள் சமமல்ல, ஆகவே செவ்வகமன்று.

மூன்றாவது படித்திறன். நிலைக்குத்து ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்துப் பெறுவது அது. ஒன்றுக்கு 20/21, மற்றையதற்குச் சய 20/19. மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுமாயின் இவற்றின் பெருக்கம் சய 1 ஆதல் வேண்டும். இங்கோ சய 400/399. வேறுபாடு 399இல் ஒரு பங்கே. எனினும் வேறுபாடு வேறுபாடே. ஆகவே சாய்சதுரமுமன்று. சதுரமெனத் தோன்றியது வெறும் இணைகரமே.

மூன்று சோதனைகளிலும் தேறுவதே சதுரம். அதனால் அது செவ்வகமுமாகும், சாய்சதுரமுமாகும். யூக்கிளிட்டு தம் வரைவிலக்கணங்களில் இவற்றை வெவ்வேறு இனங்களாகவே வைத்தார். இன்றைய கணிதம் ஒன்றனுள் ஒன்றாக அடக்குகின்றது. படத்தின் தோற்றத்தை மட்டும் மனத்திற் பதித்த மாணவன் இவ்வுறவைக் காணமாட்டான். கணித்துப் பார்ப்பவன் காண்பான்.

நேயர்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் அமர்ந்து மற்றுமோர் உருவத்தைச் சோதிக்கலாம். அதன் உச்சிகள் 0, 5, 7, 0, 12, 7, 5, 12. சாய்ந்து நிற்கும் அவ்வுருவத்தின் பெயர் யாது? படம் வரையுமுன் விடை காண்க.