முடப்பனை எங்கே நிற்கின்றது?

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

'கழக நூல்களில் வானியல்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இத்தலைப்பில் பேச எழுவோர் பழந்தமிழர் பெருமைகளை அடுக்கிக் கூறிக் கைதட்டல் பெற்று அமர்வது வழக்கம். நானும் பலமுறை அவ்வாறு செய்தவனே. இன்று ஒரு தோல்வியைச் சொல்லித் தொடங்குகின்றேன். அத்தோல்வி என்னுடையது.

28 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகின்றேன். புறநானூற்றின் 229-ஆம் பாட்டை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் வேந்தன் மாய்ந்தபோது கூடலூர் கிழார் பாடிய பாட்டு அது. பங்குனியின் முற்பாதியில், இருள் நிறைந்த நள்ளிரவில், ஒரு விண்மீன் எரிந்து வீழ்வதைப் புலவர் காண்கின்றார். வேந்தனுக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்று அவரும் அவரொத்த இரவலரும் நெஞ்சு நடுங்குகின்றனர். ஏழாம் நாள் வேந்தன் மாய்கின்றான். யானை கையை நிலத்தில் இட்டுக் கிடக்கின்றது; முரசு கண்கிழிந்து உருள்கின்றது; வெண்குடை கால் ஒடிந்து வீழ்கின்றது.

அஞ்சி நின்ற அந்தப் பொழுதிலும் புலவர் வானத்தின் நிலையைக் குறிக்கத் தவறவில்லை. முடப்பனை எனப்படும் அனுடம் முதல் குளம் எனப்படும் புனர்பூசம் வரை விண்மீன்கள் விளங்கின. உச்சியில் நின்ற மீன் அவ்வுச்சியினின்று சாய்ந்தது. அதற்கு எட்டாம் மீன் எதிரே எழுந்தது. அதற்கு முன் எட்டாம் மீன் மேற்கே படிந்தது என்கின்றார். உச்சிமீன் உத்திரம், எழுமீன் மூலம், படிமீன் மான்தலையாகிய மிருகசீரிடம் என்று பழைய உரை விளக்குகின்றது. அவ்வுரையைத்தான் நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டு வந்தேன்.

ஓராண்டு, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, இன்றிரவு நான் வெளியே வந்து பார்த்தால் முடப்பனை எங்கே நிற்கும்?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. முடப்பனை என்னும் சொல்லுக்குப் பொருள் தெரியும். இலக்கணக் குறிப்புத் தெரியும். உரை வேறுபாடு தெரியும். அப்பொருள் வானத்தில் எங்கே இருக்கின்றது என்பது மட்டும் தெரியாது. "நாளை சொல்கின்றேன், அம்மா" என்று அமர வைத்தேன். அந்த நாளை வர ஏழு திங்கள் ஆயிற்று.

அடுத்த பங்குனியில், நிலவு மறைந்த ஓர் இரவு, எங்கள் ஊர் ஏரிக்குப் போனேன். அங்கே வயலுக்கு நீர் பாய்ச்சும் முறைக்காக ஒரு முதிய உழவர் காத்திருந்தார். எழுத்தறியாதவர். தென்கிழக்கே வளைந்து நின்ற மீன்களைக் காட்டி, "பெரியவரே, அது என்ன?" என்றேன். அவர் சொன்னார்: "அது தேள் ஐயா. தலை எப்போதோ ஏறிவிட்டது. கொடுக்குத்தான் இப்போது கரையை விட்டு எழும்புகிறது. பங்குனியில் கொடுக்கு எழுந்தால் பாதி இரவு. இனி எங்கள் முறைத் தண்ணீர்."

என் உடல் சிலிர்த்தது, அன்பர்களே! தேளின் தலைப்புறத்து வளைவுதான் முடப்பனை. அதன் கொடுக்குத்தான் மூலம். 'மூலம் எழுகின்றது' என்று கூடலூர் கிழார் சொன்னதையே, புறநானூற்றைக் கேட்டறியாத அம்முதியவரும் சொல்லிவிட்டார்! அண்ணாந்து பார்த்தேன், உத்திரம் தலைக்கு மேலிருந்து மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தேன், மான்தலை அடிவானத்தில் மறைந்துகொண்டிருந்தது. பாட்டின் மூன்று மீன்களும் பாட்டில் சொன்ன இடத்திலேயே நின்றன.

இஃது எவ்வாறு இயலும்? நிலவுருண்டையின் அச்சு பம்பரம்போல் மிக மெல்லத் தலைசுற்றுவதால், பகலும் இரவும் ஒத்த நாள் 2000 ஆண்டுகளில் ஏறத்தாழ 28 நாள் விலகிவிடும். ஆயினும் நம் திங்கள்கள் ஞாயிறு எவ்விண்மீன்களிடையே நிற்கின்றது என்பதைக் கொண்டு எண்ணப்படுவன. ஆகவே பங்குனி நள்ளிரவின் வானம் அன்று போலவே இன்றும் உள்ளது.

இன்னும் ஒன்று. அன்று நிலவு நின்ற நாள்மீன் ஆட்டு ஓரையைச் சார்ந்த கார்த்திகை என்பது உரை தரும் குறிப்பு. பங்குனி முற்பாதியில் கார்த்திகையில் நிற்கும் நிலவு நான்கைந்து நாள் வளர்ந்த இளம்பிறையாகத்தான் இருக்க முடியும். அது நள்ளிரவுக்கு வெகுமுன்பே மறைந்துவிடும். புலவரோ 'நிறைந்த இருள்' என்கின்றார். கணக்கும் பாட்டும் ஒத்துவருகின்றன. இஃது ஏட்டைப் பார்த்து எழுதிய செய்தியன்று. கண்ணால் கண்டவர் சொன்ன சான்று.

இவ்வாறு கண்டு பாடியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். புறநானூற்று 60-ஆம் பாட்டில் மருத்துவன் தாமோதரனார், வானத்தில் மின்னும் செம்மீனை நடுக்கடலில் தெரியும் மீன்படகின் விளக்குக்கு ஒப்பிடுகின்றார். கடற்கரையில் இரவைக் கழித்தவனுக்கே அவ்வுவமை தோன்றும். பட்டினப்பாலை, இடம் மாறாத நாள்மீன்களிடையே இடம் பெயரும் கோள்மீன்களைச் சொல்கின்றது. பல இரவுகள் தொடர்ந்து பார்த்தாலன்றி அவ்வேறுபாடு விளங்காது.

ஓவியத்திலும் வானம் இடம்பெற்றது. நெடுநல்வாடையில், கணவனைப் போருக்கு விடுத்துத் தனித்திருக்கும் அரசி கட்டிலின் மேற்கட்டியைப் பார்க்கின்றாள். அதில் ஆடு முதலாகிய ஓரைகளும், நிலவும், அதனை விட்டு நீங்காத உரோகிணியும் தீட்டப்பட்டுள்ளன. கண்டு பெருமூச்செறிகின்றாள். வானத்து நிலவு உரோகிணியோடு ஓர் இரவு தங்கி மறுநாள் அப்பால் போய்விடும். மீண்டும் வர 27 நாளுக்கு மேலாகும். ஓவியத்து நிலவோ போவதேயில்லை. ஓவியன் நிறுத்தி வைத்த அந்தக் கூட்டந்தான் அவள் கண்ணீருக்குக் கரணியம். வானத்தின் நடப்பை அறிந்தவனுக்கே நக்கீரர் வைத்த துயரின் ஆழம் புலப்படும்.

இனி, ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். மீன் வீழ்ந்ததால் வேந்தன் மாய்ந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. வீழ்மீன் என்பது பெரும்பாலும் மணல்துகள் அளவான சிறு கல். காற்றுமண்டலத்தில் பெருவிரைவோடு புகுந்து எரிவது. அதற்கும் அரசன் சாவுக்கும் தொடர்பில்லை. கூடலூர் கிழாரின் அச்சம் அக்காலத்து அச்சம்; அவர் பார்வையோ எக்காலத்துக்கும் உரிய பார்வை. நாம் அச்சத்தை விடுத்துப் பார்வையைக் கொள்ளுவோம்.

அக்காலத்திலேயே வானக்குறிக்கு மேலாக மாந்தன் செயலை வைத்த புலவரும் உண்டு. வெள்ளி தெற்கே சென்றால் மழை பொய்க்கும் என்று மக்கள் நம்பினர். புறநானூற்று 35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார், வெள்ளி தெற்கே சென்றாலும் காவிரி பாயும் நாடு உன் நாடு என்று கிள்ளிவளவனிடம் கூறி, மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும். ஆதலின் உழவரைக் காப்பாயாக என்கின்றார். பழைய நிலவரியும் நீக்கப்பட்டது. வானைப் பார்த்தவர், பழியை வான்மேல் போடவில்லை.

அன்பர்களே! ஒரு சொல் இரு வழிகளில் சாகும். பிறமொழிச் சொல் வந்து அதன் இடத்தைப் பிடித்தால் சாகும். அதனை நாம் அறிவோம், எதிர்த்தும் வருகின்றோம். சொல் குறித்த பொருளைக் காண்பார் இல்லாமற் போனாலும் அது சாகும். இதனை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அறுமீன், வடமீன், சகடு, முடப்பனை என்று அகரமுதலியில் அச்சிட்டு வைத்தால் மட்டும் போதுமா? நகர்களில் மின்னொளி வானத்தை வெளுக்கச் செய்துவிட்டது. நம் பிள்ளைகளில் பலர் வான்யாற்றைக் கண்டதேயில்லை. அந்த உழவரும் இன்று இல்லை. அவர் பிள்ளைகள் கடிகாரம் பார்த்து நீர் பாய்ச்சுகின்றனர், அதில் குற்றமில்லை. ஆனால் தேளின் கொடுக்கை அவர்கள் அறியார்.

ஆகவே உங்களை நான் வேண்டுவது ஒன்றே. வரும் பங்குனியின் முற்பாதியில், நிலவு இல்லாத ஓர் இரவு, வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். ஊர்ப்புறத்தே இருள் உள்ள இடம் தேடுங்கள். உச்சியில் உத்திரம், தென்கிழக்கில் தேள், மேற்கே மான்தலை ஆகிய மூன்றையும் காட்டுங்கள். பின்னர்ப் பாட்டைப் படியுங்கள்.

கேள்வி கேட்ட அம்மாணவி அப்போது பள்ளிப்படிப்பை முடிக்கும் நிலையில் இருந்தாள். ஏரியிலிருந்து திரும்பிய மறுநாள் அவளை அழைத்து, "அம்மா, முடப்பனை பங்குனி நள்ளிரவில் தென்கிழக்கே நிற்கும்" என்றேன். "தெரியும் ஐயா. நானும் பார்த்துவிட்டேன்" என்றாள்.

ஆசிரியனுக்கு அதனினும் பெரிய பரிசில் வேறில்லை.