பட்டறைக்குக் கருவி கொள்ளுதல்

வண்ணார்பேட்டையில் சிறு தச்சுப் பட்டறை வைக்க விரும்பிய என் பழைய மாணவன் ஒருவன், தாயாரின் கம்மலை அடகு வைத்த பணத்தோடு சென்ற தை மாதம் என் வீட்டிற்கு வந்தான். "ஐயா, எவற்றை முதலில் வாங்கட்டும்?" என்று கேட்டான். இதுகாறும் பிறர் பட்டறையில், பிறர் கருவி கொண்டு உழைத்தவன் அவன்.

1994-ஆம் ஆண்டில் பள்ளியின் கைத்தொழில் வகுப்பிற்கு நான் உளிகள் வாங்கினேன். மூன்று விலைப்புள்ளிகளுள் குறைந்ததை ஏற்பது விதி, ஏற்றேன். பளபளவென்றிருந்த அவ்வுளிகளின் வாய் இரண்டே நாளில் மடங்கிற்று. மழுங்கிய உளியை மிகுந்த விசையோடு தள்ள வேண்டும். விசை மிகுந்தால் அது வழுக்கும். அவ்வாறு வழுக்கியது ஒரு சிறுவனின் இடக்கையைக் கிழித்தது. அச்சிறுவனே இன்று என்னிடம் யோசனை கேட்டு நின்றவன். தழும்பு இன்னும் இருக்கிறது.

விதியைக் காட்டி நான் தப்பிக்கலாம். ஆயினும் உளியின் வாயில் அரத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். பதமேறாத இரும்பை அரம் எளிதில் கடிக்கும். பதமேறிய எஃகில் அவ்வளவாகப் பற்றாது.

ஆகவே, பெட்டியில் அடுக்கிய பன்னிரண்டு உளிகள் வேண்டா, நல்லவை நான்கு போதும் என்றேன். சாணைக்கல்லுக்குப் பணத்தை முதலில் ஒதுக்கச் சொன்னேன். மின்சாரச் சாணையில் அவசரமாகப் பிடித்து உளியின் வாய் நீலம் பாய்ந்தால், பதம் போயிற்று என்று பொருள். இழைப்புளியின் அடிப்புறம் கோணாதிருத்தல் வேண்டும். மரத்தை நீளவாக்கில் அறுக்க ஒரு வாள், குறுக்கே அறுக்க ஒரு வாள். கொட்டாப்புளியை விலைக்கு வாங்குவானேன்? புளியங்கட்டையில் அவனே செய்துகொள்ளலாமே!

மரத்தையும் ஒரு கருவி போலவே தேர்ந்தெடுக்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைவோர் மஞ்சள் கடம்பை மரபாக நாடி வந்தது, அதன் இழை நெருக்கமாகவும் சீராகவும் இருப்பதனால்தான். பச்சை மரத்தில் செய்த சட்டம் உலர்ந்தபின் சுருங்கி மூட்டு விட்டுப்போகும். நிழலில் காற்றாட அடுக்கி வைத்தால், அங்குலக் கனத்திற்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது பழைய கணக்கு.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். மூலைமட்டத்தை நேரான பலகையோரத்தில் வைத்துக் கோடு கிழித்தான். அதனைப் புரட்டி வைத்து அதே இடத்தில் மறுபடியும் கிழித்தான். இரு கோடுகளும் ஒன்றாகவில்லை. கடைக்காரர் முகம் சுளித்தார். அடுத்ததும் தேறவில்லை. மூன்றாவது மட்டத்திற்குத்தான் அவன் மடியிலிருந்து பணத்தை எடுத்தான்.