புகையுள்ள கணவாய்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

லடாக் சென்று வந்த பயணத்தைப் பற்றிப் பேசுக என்று செயலாளர் என்னைப் பணித்தார். பனிமலையையும் மடாலயங்களையும் பற்றிக் கேட்க நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவற்றையும் சொல்வேன். எனினும் இந்த மேடையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது, அந்தப் பயணத்தில் என் ஆய்வேட்டின் பிழையொன்றை நானே கண்டுகொண்ட கதையை. பத்தாண்டுகளாக என் கட்டுரைகளைப் பொறுமையுடன் கேட்டுத் திருத்திய அவை இது. அதனால் இங்கே சொல்லத் துணிகிறேன்.

மணிமேகலையின் பெண் பாத்திரங்களைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். அந்நூலின் முப்பது காதைகளுள் இருபத்தொன்பதாவது 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை'. காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கும் பகுதி அது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளும், அவற்றுள் பின்னிரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும் என்னும் முடிபும், பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்னும் வகைகளும் அதில் விரிகின்றன. என் ஆய்வேட்டில் இக்காதைக்கு நான் ஒதுக்கிய இடம் அரைப் பக்கம். காப்பியச் சுவைக்கு இது இடையூறு, கதை நடவாத இடம் என்று எழுதி முடித்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர், "அம்மா, இதில் உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். "ஐயா, பட்டியலில் கவிதை எப்படிக் கிடைக்கும்?" என்றேன். அவையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதன்பின் வகுப்பறையில் அக்காதை வரும்போதெல்லாம், "இது தேர்வுக்கு வராது" என்று சொல்லி மேலே சென்றவள் நான்.

இனிப் பயணத்திற்கு வருகிறேன். கல்லூரி திறப்பதற்குச் சில நாட்களே இருந்த ஒரு சூன் மாதத்தில், உடன் பணிபுரியும் இருவரோடு மணாலியிலிருந்து லே நகருக்குத் தரைவழியே புறப்பட்டேன். முன்பெல்லாம் ரோதங் கணவாயை ஏறிக் கடந்தாக வேண்டும். 2020இல் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கச் சாலை திறக்கப்பட்டபின் அந்த முதல் ஏற்றம் குறைந்துவிட்டது. சுரங்கத்தின் இப்புறம் தேவதாரு மரங்கள் அடர்ந்த பச்சை மலை. அப்புறம் செல்லச் செல்லப் பச்சை குறைந்து, தர்ச்சாவைக் கடந்தபின் கல்லும் பனியும் வானமும் மட்டுமே எஞ்சுகின்றன. பாரலாச்சா, நக்கீ, லாச்சுலுங், தங்லங் என்று கணவாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் 'லா' என்று சேர்த்துச் சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் 'லா' என்றால் கணவாய்.

கணவாய் நமக்குப் புதிதன்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமர்ந்திருப்பது நம் கோவை. ஆடிக் காற்று நமக்கு அவ்வழியே வருகிறது. கொடுமணலின் கல்மணிகள் மேலைக் கடற்கரைக்குச் சென்றதும் அவ்வழியே. ஆனால் நம் கணவாய் சமவெளி போன்றது. மாட்டுவண்டி மூச்சிரைக்காமல் கடந்துவிடும். தங்லங் கணவாயோ ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரம். தொட்டபெட்டாவின் தலையில் இன்னொரு தொட்டபெட்டாவை ஏற்றி வைத்தாலும் அதற்குச் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது வளைவுகளை ஏறிப் பழகியவள் என்ற பெருமை எனக்கு இருந்தது. அங்கே கட்டா வளைவுகள் இருபத்தொன்றிலேயே அது கரைந்துபோயிற்று.

மூன்றாம் நாள் தங்லங் கணவாயை நெருங்கும்போது எங்கள் வண்டி நின்றுவிட்டது. மெல்லிய பனி பெய்துகொண்டிருந்தது. உடன் வந்த இயற்பியல் பேராசிரியைக்கு மூச்சு முட்டி, உதடு நீலம் பாய்ந்தது. உடனே கீழே இறக்க வேண்டும் என்றார் ஓட்டுநர். எப்படி இறக்குவது? முன்னும் பின்னும் ஒரு வண்டியும் இல்லை. அப்போது அடுத்த வளைவுக்கு மேல் கருத்த இழை ஒன்று வானில் எழுவதை ஓட்டுநர் கண்டார். "புகை தெரிகிறது. ஆள் இருக்கிறார்கள்" என்றார். நாங்கள் நெருப்பைக் காணவில்லை, ஆட்களையும் காணவில்லை. அந்தப் புகையை மட்டும் நம்பி, நண்பரைத் தாங்கிக்கொண்டு நடந்தோம். வளைவின் அப்பால் சாலைப் பணியாளர்கள் தார் காய்ச்சிக் கொண்டிருந்தனர். ஜார்க்கண்டிலிருந்து அத்தனை தொலைவு வந்து உழைப்பவர்கள். நெருப்பருகே இடம் விட்டு, கறுப்புத் தேநீர் கொடுத்து, தங்கள் லாரியிலேயே எங்களைக் கீழுள்ள ரும்ட்சே ஊர்வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். இறங்க இறங்க நண்பருக்கு மூச்சு சீரடைந்தது. அவர்களுக்குக் கைகூப்பியதைத் தவிர எங்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் திக்சே மடாலயத்துக்குச் சென்றோம். சிந்து ஆற்றின் கரையில் ஒரு குன்றின் மேல் அடுக்கடுக்காக எழுந்த வெண்ணிறக் கட்டடங்கள். மலைச்சரிவையே படிகளாக்கி வைத்தாற்போன்ற தோற்றம். எங்களை அழைத்துச் சென்ற துறவிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இந்தியில் தடுமாறிய என்னைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உடனே அவர் கன்னடத்தில் பேசத் தொடங்கினார்! மைசூரை அடுத்த பைலகுப்பையில், திபெத்திலிருந்து வந்தோர் மீண்டும் எழுப்பிய சேரா மடாலயத்தில் எட்டாண்டு கற்றவராம். சத்தியமங்கலத்தில் பிறந்தவளாதலால் எனக்கும் கன்னடம் ஓரளவு கைவரும். அப்படியாக, இமயத்தின் மடியில் ஒரு பௌத்தத் துறவியும் ஒரு தமிழாசிரியையும் கன்னடத்தில் உரையாடினோம்.

முதலில் நூலறையைக் காட்டினார். சுவர் முழுதும் மரச் சிற்றறைகள். அவற்றுள் துணியில் பொதிந்த நூற்கட்டுகள். ஒன்றைப் பிரித்துக் காட்டியபோது திகைத்தேன். நீண்டு குறுகிய, தைக்கப்படாத தனித்தனித் தாள்கள். மேலும் கீழும் இரண்டு மரப்பலகைகள். தாளில் அச்சிட்டிருந்தாலும் வடிவம் நம் ஓலைச்சுவடியின் வடிவமே. பனை விளையாத நாட்டில் பனையோலையின் நீள அகலத்தை இன்றும் காத்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து சென்ற சுவடிகளின் நினைவு அது. புத்தர் வாக்கென மதிக்கப்படும் நூல்கள் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுகள். ஆசிரியர்கள் இயற்றிய நூல்களும் உரைகளும் இருநூற்றுக்கு மேற்பட்ட கட்டுகள். பெரும்பாலானவை வடமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவை. அவற்றுள் பலவற்றிற்கு மூலம் இந்நாட்டில் அழிந்துபோயிற்று.

மாலையில் முற்றத்தில் இளந்துறவியர் சிலர் வாதப் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். விடை சொல்பவர் தரையில் அமர்ந்திருக்கிறார். வினவுபவர் நிற்கிறார். ஒவ்வொரு வினாவின் முடிவிலும் வினவுபவர் வலக்கையை ஓங்கி இடக்கையில் அறைந்து, காலைத் தரையில் ஊன்றுகிறார். அந்த ஓசை குன்றெங்கும் எதிரொலிக்கிறது. விடை சொன்னவர் தடுமாறினால் சுற்றியிருப்போர் ஆரவாரம் செய்கின்றனர். மிக இளையவர் இருவர் எதைப் பற்றி வாதிடுகின்றனர் என்று கேட்டேன். அது தொடக்கப் பாடம் என்று சொல்லித் துறவி விளக்கினார்: "புகையுள்ள கணவாயில் நெருப்பு உண்டு. ஏன்? புகை உண்டு ஆதலால். எதைப் போல? அடுக்களையைப் போல."

அவையோரே, அந்த இடத்தில் நான் என்னையறியாமல் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் எடுத்துக்காட்டு இதுவே. அங்கே மலை. புகையைக் கண்டு நெருப்புண்மை அறிதல், அடுக்களை உவமை, எல்லாம் அவ்வாறே. வடநூலார் மலை என்று காட்டிய இடத்தில் திபெத்தியர் 'லா' என்று கணவாயை வைத்துக்கொண்டனர். கணவாயைக் கடந்தே வாழ வேண்டிய மக்களுக்கு, கணவாயில் தெரியும் புகை எத்தகைய செய்தி என்பதை இரண்டு நாள் முன்னர்தான் நான் உடலால் அறிந்திருந்தேன். பட்டியல் என்று நான் ஒதுக்கிய வரிகள், காணாத ஒன்றைக் கண்டதைக் கொண்டு துணிவது எப்படி, அத்துணிவில் எங்கெங்கே ஏமாறக்கூடும் என்று உயிர்க்கவலையுடன் எண்ணிய மனிதர்களின் சொற்கள். ஊரை விட்டு, எந்தச் சமயத்தை நம்புவது என்று தேடி நிற்கும் ஓர் இளம்பெண்ணுக்கு அவை சொல்லப்படுகின்றன. கதை நடவாத இடம் என்று எழுதினேனே, மணிமேகலையின் கதை முடிவெடுக்கும் இடமே அதுதான்.

வரலாற்றையும் சிறிது எண்ணிப் பார்ப்போம். இந்த அளவை நெறியை நிலைநாட்டிய திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. நாலந்தாவில் ஆசிரியராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று, கி.பி. 640 அளவில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் வழி அறிகிறோம். திக்நாகரின் பெருநூலாகிய 'பிரமாண சமுச்சய'த்தின் வடமொழி மூலம் முழுநூலாக நமக்கு வந்து சேரவில்லை. திபெத்திய மொழிபெயர்ப்பில் அது நின்றது. அதைக் காத்தவர்கள் எளிதாகக் காக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைத் திபெத்து அரசர் ஒருவர் இருபத்தோரு இளைஞர்களைக் கல்வி கற்கக் காசுமீரத்துக்கு அனுப்பினார் என்றும், அவர்களுள் இருவரே உயிருடன் மீண்டனர் என்றும் அவர்களின் மரபு கூறுகிறது. மீண்டவருள் ஒருவர் ரின்சென் சாங்போ. அவரை இன்றும் 'லோட்சாவா', அதாவது மொழிபெயர்ப்பாளர், என்ற பட்டத்தோடுதான் அழைக்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் என்னும் சொல்லே ஒரு நாட்டில் உயர்ந்த சிறப்புப் பெயராக இருந்தது என்பதை, மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ள நம் கவிஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

நம் பக்கம் நிலைமை என்ன? 1898இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்புக்காக உ.வே. சாமிநாதையர் முனைந்தபோது, ஐயம் கேட்பதற்கு ஒரு பௌத்தர் தமிழகத்தில் அவருக்கு வாய்க்கவில்லை. ஆங்கில நூல்களைக் கற்றிருந்த ரங்காசாரியாரின் துணையால் பௌத்தக் கருத்துகளை அறிந்து தெளிந்தார். நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைத்த பெண்ணைத் தலைவியாகக் கொண்ட குண்டலகேசியில் நமக்கு எஞ்சியவை சில பாடல்களே. அதை மறுக்க எழுந்த நீலகேசி முழுமையாக வாழ்கிறது. வினவியவரின் குரல் கேட்கிறது, விடை சொன்னவரின் குரல் மறைந்தது. நம் விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதையும் 1924இல் அச்சேறியபோது முதலும் முடிவும் இல்லாமலே வந்தது. லடாக்கில் பயிர்க்காலத்தில் ஊரார் இந்த நூற்கட்டுகளை முதுகில் சுமந்து வயல்களை வலம் வருவர் என்று அத்துறவி சொன்னார். ஆடிப்பெருக்கில் நாம் ஏடுகளை ஆற்றில் விட்டோம். அதுவும் பக்தியால் செய்ததே. இரண்டு பக்திகளுக்கும் இடையில் எத்தனை நூல்கள் போயின என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

விடைபெறும்போது அந்தத் துறவி சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார்: "இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? பைலகுப்பை உங்களுக்குப் பக்கம்தானே?" உண்மைதான். காஞ்சியிலிருந்து புறப்பட்ட ஒரு கல்வி மலைகளைக் கடந்து போய், பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் ஊரிலிருந்து ஒரு பகற் பயணத் தொலைவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. நான்தான் அறியவில்லை.

மணிமேகலை சமயக்கணக்கர்களின் திறம் கேட்டது வஞ்சி மாநகரில். வஞ்சி கரூரே என்பாரின் கூற்றை ஏற்றால், அது நடந்தது நம் கொங்கு நாட்டின் அமராவதிக் கரை. அந்த உரிமையோடு இரண்டு செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, என் ஆய்வேட்டின் அந்த அரைப் பக்கத்தை இந்த அவையில் திரும்பப் பெறுகிறேன். அதைத் திருத்தி விரிவாக எழுதத் தொடங்கியுள்ளேன். மற்றொன்று ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்திலிருந்து இருபத்தொன்பதாம் காதையை நம் வட்டத்தில் வரிவரியாகப் படிப்போம். ஒருவர் அமர்ந்து விடை சொல்லட்டும், ஒருவர் நின்று வினவட்டும். கை தட்டுவதும் தட்டாததும் அவரவர் விருப்பம். முதல் நாள் விடை சொல்ல அமர்பவள் நானாக இருக்க விரும்புகிறேன். வாய்மொழித் தேர்வில் என்னை வினவிய அந்தப் பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவருக்கு நான் சொல்லத் தவறிய விடையை உங்களிடமாவது சொல்ல வேண்டும்.