மோட்டார் வண்டியின் இறுதி மெருகு

மோட்டார் வண்டியொன்றை மெருகிட்டு முடித்தவர், கராச்சின் நிழலில் அதனைப் பார்த்து மகிழ்கிறார். மறுநாட் காலை வெயிலில் நிறுத்தியதும் அவர் முகம் சுருங்குகிறது. முன்மூடியிற் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல நுண்ணிய கீறல்கள் வட்டமிட்டு நிற்கின்றன. கை நோக உழைத்தும் பலன் இதுவா என்று பொலிஷ் போத்தலை நொந்துகொள்கிறார். பெரும்பாலும் குறை போத்தலில் இருப்பதில்லை. கடைசிக் கட்டத்திற் பயன்படுத்திய திண்டிலும், அதனை நடத்திய முறையிலுமே இருக்கும்.

மெருகிடுதல் என்பது பூச்சின்மேல் எதையோ சேர்ப்பதன்று. பூச்சைச் சிறிது சிறிதாகத் தேய்த்தெடுப்பதே. இக்கால வண்டிகளில் நிறப் பூச்சின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று இடப்பட்டிருக்கும். அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்கிரோன் வரையில். எழுதும் தாளின் தடிப்பிற் பாதி என்று கொள்ளலாம். வெயிலின் கொடுமையிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் படலமே. தேய்த்தது தேய்த்ததுதான், மறுபடி பூச்சடிப்பதன்றி அதனை மீட்க வழியில்லை. ஆதலால் கைதேர்ந்தவர்கள் மென்மையிலிருந்தே தொடங்குவர். இரண்டடிச் சதுரமான ஓரிடத்தில் மென்மையான திண்டையும் நுண்ணிய பொலிஷையும் சோதித்துப் பார்த்து, கீறல் மறையாவிடில் மட்டுமே ஒரு படி கடுமைக்கு ஏறுவர்.

கம்பளித் திண்டு வேகமாக அரிக்கும். ஆழ்ந்த கீறலுக்கு அது ஏற்றது. ஆனால் தன் சுவட்டையும் விட்டுச் செல்லும். கடினமான ஸ்பொஞ்சுத் திண்டு அதற்கடுத்தது. இறுதி மெருகுக்கு வேண்டியது, விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கும் மென்மையான ஸ்பொஞ்சு. நிறத்தைப் பார்த்துத் திண்டு வாங்குவோர் ஏமாறுவர். ஒருவர் கறுப்பில் மென்மையானதைச் செய்ய, மற்றொருவர் அதே நிறத்தில் வேறொன்றைச் செய்வார். தொட்டுப் பார்த்தே வாங்கவேண்டும்.

ஒரே அச்சிற் சுழலும் இயந்திரம் வலியது. பழகாத கையில் அது அலையலையான ஒளிச்சுவடுகளைப் பதித்துவிடும். சுழன்றுகொண்டே நடுங்கியும் அசையும் இயந்திரம் புதியவருக்குப் பாதுகாப்பானது. எதுவாயினும், வண்டியை நன்றாகக் கழுவிய பின்னர், நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போதே வேலை தொடங்கவேண்டும். ஒரு மணல் துகள் போதும், செய்ததையெல்லாம் கெடுக்க. நான்கைந்து துளி பொலிஷே போதுமானது. இறுதிச் சுற்றில் இயந்திரத்தின் பாரமே அழுத்தமாக, ஒவ்வொரு வரியும் முந்திய வரியிற் பாதியை மூட, கை மெல்ல நகரவேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் திண்டைத் தூரிகையால் தட்டித் துப்புரவாக்காவிடில், அதில் ஒட்டிய பழைய பூச்சே புதிய கீறல்களைப் போடும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியது. அவற்றைக் கையாலேயே துடைப்பது நன்று.

பொலிஷிலுள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைப்பதும் உண்டு. நீர் கலந்த ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, வெளிச்சத்திற் பார்த்தாலன்றி உண்மை தெரியாது. மெழுகு பூசுவது அதன் பின்னரே.

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் காணப்படும் பழைய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளின் கதை வேறு. தெளிபூச்சு இல்லாத பழைய பூச்சாயின், சிவப்பு வண்டியை மெருகிடும்போது திண்டும் சிவக்கும். அஞ்சவேண்டியதில்லை, வெளிறிப்போன மேற்படையே உரிந்து வருகிறது. ஆனால் தெளிபூச்சுள்ள புதிய வண்டியில் திண்டு நிறம் பற்றுமாயின், இயந்திரத்தை அக்கணமே நிறுத்தவேண்டும். தெளிபூச்சு அங்கே தேய்ந்து தீர்ந்துவிட்டது.