நாலு மூன்றா, மூன்று நாலா? ஃபுட்போல் தடுப்பு வியூகங்கள் பற்றிப் பெற்றோருக்கு ஒரு பேச்சு



பாடசாலை தொடங்குகிற காலத்தில் மொன்றியலில் எங்கள் வீடுகள் பலவற்றுக்கு ஒரு படிவம் வந்து சேருகிறது. பிள்ளை ஃபுட்போல் அணியில் சேரப் பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டும். எங்களுக்கு உதைபந்தாட்டம் தெரியும், கிரிக்கெட் தெரியும். காலால் உதைப்பதைவிடக் கையால் பிடிப்பது கூடிய இந்த விளையாட்டைப் பார்த்ததும் "உது மாடு முட்டுற மாதிரியெல்லோ கிடக்கு" என்கிறோம். அப்படிச் சொல்வதோடு பிள்ளைக்கும் எங்களுக்கும் இடையிலான கதை நின்றுவிடுகிறது. ஆகையால் இன்று இந்த விளையாட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தடுக்கும் அணி எப்படி நிற்கிறது? ஒரு நாள் ஒரு மாதிரியும் மறு நாள் வேறு மாதிரியும் ஏன் நிற்கிறது? இது விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும்.

முதலில் ஒரு செய்தி. இந்த விளையாட்டு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று நினைத்திருப்போம். 1874 மே மாதத்தில் எங்கள் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழக அணி ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டு ஆட்டங்கள் ஆடியது. ஒரு நாள் ஹாவார்ட்டின் விதிகளில், மறுநாள் மக்கில் கொண்டுபோன ரக்பி சார்ந்த விதிகளில். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் விதம் ஹாவார்ட்காரருக்குப் பிடித்துப்போயிற்று. இன்றைய அமெரிக்க ஃபுட்போலின் வேர்களில் ஒன்று அந்த ஆட்டம். எனவே எங்கள் பிள்ளைகள் ஆடுவது இந்த நகரத்துக்குச் சொந்தமான ஒன்றைத்தான்.

இப்போது அடிப்படை. பந்து வைத்திருக்கும் அணி 10 யார் தூரம் முன்னேற வேண்டும். அமெரிக்க விதியில் அதற்கு நாலு வாய்ப்பு, கனடிய விதியில் மூன்றே வாய்ப்பு. அமெரிக்காவில் பக்கத்துக்கு 11 பேர், கனடாவில் 12 பேர். பந்தை முன்னால் கொண்டுபோக இரண்டே வழி. ஒன்று, கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. மற்றது, தூரத்தில் நிற்பவருக்கு எறிவது. தடுப்பவர்களின் தலையிடி முழுவதும் இங்கேதான் இருக்கிறது. எதிரணி ஓடப்போகிறதா, எறியப்போகிறதா என்பது பந்து கைமாறும் வரைக்கும் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து ஆட்களைப் பங்கிட வேண்டும்.

ஊரில் கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று மறிப்பார். அவர் தன் கோட்டை விட்டு அசையக் கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டால் நெடுக ஓடித் திரியும். கோட்டில் நின்றவர் ஒருவரையும் தொடாமலே இருக்கலாம். ஆனால் அவர் மறித்தபடியால்தான் எதிராளி மற்றப் பக்கம் திரும்பி, கிளியிடம் அடி வாங்கினார். இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுட்போல் தடுப்பின் சாரமும் இதுவே.

பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பருத்த ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவிலே நாலு இடைவெளி, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, ஆக ஆறு. ஓரத்தில் இன்னொருவர் வந்து நின்றால் ஏழு. ஓடுபவர் இந்த ஏதாவதொரு பொட்டுக்குள்ளால்தான் வர வேண்டும். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு காவல்காரர் வேண்டும். வியூகத்துக்குச் சொல்லும் இலக்கங்கள் முன்னாலிருந்து பின்னால் எண்ணுபவை. முதல் எண் முன்வரிசைக்காரர். அடுத்த எண் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பாக்கர்கள். மிச்சப் பேர் எறியும் பந்தைக் காக்கும் பின்வரிசைக்காரர்.

நாலு மூன்று என்றால் முன்னால் நாலு பேர், பின்னால் மூன்று லைன்பாக்கர்கள். இதை 1950களில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியில் ரொம் லான்றி வளர்த்தெடுத்தார். நடு லைன்பாக்கராக சாம் ஹஃப் நின்று பெயர் பெற்றார். கிளித்தட்டின் கிளி போலத்தான் அவருடைய வேலை. இதில் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு பொட்டு. கணக்கு நேரானது, படிப்பிக்க லேசானது. அதனால் பாடசாலை அணிகளுக்கு இது வசதி. குறை என்னவென்றால், பந்து எறிபவரான குவாட்டர்பாக்கை நோக்கிப் பாயப்போகும் நாலு பேர் யார் என்பது எதிரணிக்கு ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மூன்று நாலு என்றால் முன்னால் மூன்று பேர், லைன்பாக்கர்கள் நாலு பேர். கூட்டினால் இதுவும் ஏழுதான். ஆனால் பாரம் வேறு விதமாகப் பிரிகிறது. நடுவில் நிற்பவரை நோஸ் ராக்கிள் என்பார்கள். வழக்கமான முறையில் அவர் எதிரணியின் நடு ஆளுக்கு நேரே நின்று, இரு பக்கத்துப் பொட்டையும் ஒருவராகவே காக்க வேண்டும். அவரை நகர்த்த எதிரணி இரண்டு பேரை அனுப்ப வேண்டி வரும். அந்த நேரத்தில் பின்னால் நிற்கும் லைன்பாக்கர் தடையின்றி ஓடிவந்து, பந்து வைத்திருப்பவரைப் பிடித்து விழுத்துவார். கைதட்டல் லைன்பாக்கருக்குக் கிடைக்கும். நோஸ் ராக்கிள் இரண்டு பேருக்கு அடியில் கிடப்பார்.

இந்த இடத்திலே பெற்றோர் கவனிக்க வேண்டும். ஆட்டம் முடிந்து வரும்போது காருக்குள் "தம்பி, முழு நேரமும் நீ ஒண்டும் செய்யேல்லையே, பந்தை ஒருக்காலும் தொடேல்லையே" என்று பிள்ளையைக் கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பிழையான எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு பேரைத் தன் உடம்பால் தாங்கி, பக்கத்தில் நிற்பவனுக்கு வழிவிட்டிருக்கும். அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தமிழில் சொல் இல்லாமல் "அது ஒண்டுமில்லை அப்பா" என்று ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். அடுத்த ஆட்டத்துக்கு எங்களைக் கூப்பிடாமலும் விடலாம்.

மூன்று நாலின் மற்றப் பலம் மறைவு. நாலு லைன்பாக்கர்களில் எவர் பாய்வார் என்று எதிரணிக்குத் தெரியாது. 1981இல் நியூயோர்க் ஜயன்ற்ஸுக்கு வந்த லோறன்ஸ் ரெய்லர் இந்த வியூகத்தின் ஓர லைன்பாக்கராக நின்று குவாட்டர்பாக்குகளைக் கலங்கடித்தார். ஆனால் நடுவில் தாங்கக்கூடிய ஒரு பெரிய ஆள் இல்லாவிட்டால் இந்த வியூகம் உடைந்துபோகும். மெலிந்த பிள்ளைகள் உள்ள அணிக்கு இது ஒத்துவராது. எந்த வியூகம் நல்லது என்ற கேள்விக்கு, கையில் உள்ள ஆட்கள் யார் என்ற கேள்விதான் பதில்.

எதிரணி எறியப்போகிறது என்று தெரிந்தால் ஒரு லைன்பாக்கரை எடுத்துவிட்டு ஐந்தாவது பின்வரிசைக்காரரை விடுவார்கள். அமெரிக்க வியூகங்களில் இதற்கு நிக்கல் என்று பெயர். எங்கள் சட்டைப்பையில் கிடக்கும் ஐந்து சத நாணயத்தின் பெயர்தான். ஆறு பேர் என்றால் டைம். பின்னால் காவல் கூடும், முன்னால் ஓட்டத்துக்குத் தடை குறையும்.

இதற்கு நேரெதிர் சிக்காகோ பெயார்ஸ் அணிக்காக பட்டி றையன் வகுத்த நாற்பத்தாறு வியூகம். இந்த எண் ஆட்களின் கணக்கல்ல. டக் பிளாங் என்ற வீரரின் சட்டை இலக்கம். எட்டுப் பேர் வரைக்கும் முன்னால் குவிந்து பாய்வார்கள். 1986 ஜனவரியில் நடந்த சுப்பர் போலில் இந்தத் தடுப்போடு சிக்காகோ 46க்கு 10 என்று நியூ இங்கிலாந்தை வென்றது. ஆனால் பின்னால் ஆள் குறைவு. விரைவாக எறியத் தெரிந்த குவாட்டர்பாக் வந்தால் அந்த வெற்றிடம் வெளித்துவிடும்.

கனடிய ஆட்டத்துக்கு வருவோம். இங்கே மைதானத்தின் அகலம் 65 யார். அமெரிக்காவில் 53 யாருக்குச் சற்றுக் கூட. அதோடு கனடாவில் பந்து கைமாறு முன்னரே பந்து பிடிப்பவர்கள் கோட்டை நோக்கி ஓடிவரலாம். மூன்றே வாய்ப்பு என்பதால் எறிவதும் கூட. அதனால்தான் பன்னிரண்டாவது ஆளைப் பெரும்பாலும் பின்வரிசையில் விடுகிறார்கள். நாலு, மூன்று, ஐந்து என்பது இங்கே வழக்கமான நிலை. இன்னொரு வித்தியாசம், தடுப்பவர்கள் பந்திலிருந்து ஒரு யார் தள்ளி நிற்க வேண்டும். ஆகவே எதிரணிக்கு ஒரு யார் மட்டும் தேவைப்படும்போது அதை மறிப்பது இங்கே மிகக் கடினம். மைதானத்தின் நீளத்தை 2027 முதல் 110 யாரிலிருந்து 100 ஆகக் குறைப்பதாகக் கனடிய லீக் 2025இல் அறிவித்தது. அகலத்திலும் ஆட்களின் தொகையிலும் அது கைவைக்கவில்லை.

பன்னிரண்டு என்ற கணக்கு எவ்வளவு பெரிது என்பதை மொன்றியல்காரர் மறக்க மாட்டார்கள். 2009 நவம்பரில் கல்கரியில் கிறே கப் இறுதி ஆட்டம். எங்கள் அலுவெத் அணி சஸ்கச்சுவானிடம் பின்தங்கி நின்றது. கடைசி உதை. டேமன் டுவால் உதைத்த பந்து விலகிப்போயிற்று. சஸ்கச்சுவான் வென்றுவிட்டதென்று கொண்டாடத் தொடங்கியது. ஆனால் அதன் தடுப்பில் 13 பேர் நின்றிருந்தார்கள். தண்டனையாக 10 யார் கிட்ட வைத்து மறுபடி உதைக்கவிட்டார்கள். 28க்கு 27 என்று கிண்ணம் மொன்றியலுக்கு வந்தது. எங்கே நிற்பது என்பதற்கு முன், தான் நிற்க வேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

தடுப்பவர் கையால் கிண்ணம் வந்த கதையும் உண்டு. 2014 வனியே கப் இறுதியில், எங்கள் மொல்சன் ஸ்ரேடியத்தில், மக்மாஸ்ரர் அணியின் கடைசி நேர உதையை மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மத்தியூ ஜிறார் மறித்துவிட்டார். கரபன் அணி 20க்கு 19 என்று வென்றது.

இனி ஆட்டம் பார்க்கப் போனால் செய்ய வேண்டியது இது. பந்தைத் தேடாதீர்கள். பந்து கைமாறு முன் முன்வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் பிள்ளையை மட்டும் பாருங்கள். அவன் தன் பொட்டை விட்டு விலகாமல் நின்றானா, இரண்டு பேரைத் தாங்கினானா என்று பாருங்கள். பிரெஞ்சுப் பாடசாலைகளில் லைன்பாக்கரைச் செகொந்தேர் என்றும் கடைசிக் காவல்காரரை மரோதேர் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு சொல்லையும் மனதில் வைத்துக்கொண்டு "இண்டைக்கு உனக்கு எந்த இடைவெளி தந்தவை?" என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக வரும்.

காயம் பற்றிய பயம் நியாயமானதுதான். தலையில் அடிபட்டு மயக்கமோ, தலையிடியோ, தடுமாற்றமோ தெரிந்தால் அந்த நாள் ஆட்டம் அத்தோடு முடிந்தது. டொக்டர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை மறுபடி இறங்கக் கூடாது. தலையைக் குனிந்து முட்டாமல், தலையை நிமிர்த்தித் தோளால் பிடிக்கப் பழக்குகிறார்களா என்று பயிற்றுநரிடம் நேரே கேளுங்கள். கையெழுத்து வைப்பதோ வைக்காமல் விடுவதோ உங்கள் முடிவு. எதுவானாலும் விளையாட்டைத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவாக இருக்கட்டும்.