வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, நமக்கு இருக்கா?

(உப்பிலியபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் காப்பீட்டுக் குழுவின் சார்பில் பேசியது)



இன்றைக்குக் கூட்டத்துக்கு எப்படி வந்தீர்கள்? சோபனபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் சிலர். வைரிசெட்டிப்பாளையம், கொப்பம்பட்டி பக்கமிருந்து வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் பலர். சொந்தமாக ஸ்கூட்டி ஓட்டி வந்தவர்களும் இருக்கிறீர்கள், சந்தோஷம். நாலைந்து பேர் வெங்காயக் காட்டிலிருந்து நேராக லோடு ஆட்டோவில் ஏறி வந்ததாகச் சொன்னீர்கள்.

வாசலில் நிற்கிற வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் இருக்கா என்று கேட்டோம். "இருக்குங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். "அந்த இன்சூரன்ஸில் நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டோம். யாரும் பதில் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வீட்டுக்காரரோடு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். குறுக்கே ஆடு ஓடியது. வண்டி சாய்ந்தது. அண்ணனுக்குச் சிராய்ப்பு, அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. "கவலைப்படாதே, வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுறேன்" என்று அண்ணன் தைரியம் சொன்னார். பாலிசித் தாளை எடுத்துப் பார்த்தால் அது தேர்டு பார்ட்டி மட்டும். அக்காவுக்கு அதில் ஒரு ரூபாய் கூட இல்லை. அக்கா எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. உள்கடன் வாங்கித்தான் குடும்பம் ஓடியது. அண்ணன் மேல் தப்பு சொல்ல முடியாது. கட்டியது என்ன பாலிசி என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இங்கே விஷயம்.

தாளில் யார் யாருக்கு இடம்?

தேர்டு பார்ட்டி என்பது மூன்றாம் நபர் காப்பீடு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி ரோட்டில் ஓடும் எல்லா வண்டிக்கும் இது கட்டாயம். இல்லாவிட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. நம் வண்டி மோதி ரோட்டில் போகிற இன்னொருவருக்குக் கேடு வந்தால், நமக்குப் பதிலாகக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். அவ்வளவுதான். நம் வண்டிக்கு ரிப்பேர் செலவு இதில் வராது.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்? எதிரில் வந்த லாரியின் தப்பால் அடிபட்டால், லாரியின் தேர்டு பார்ட்டியிலிருந்து அவர் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் நம் வண்டியே சறுக்கி விழுந்தால், வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் பின்னால் இருப்பவருக்கு இடம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-லும் 2008-லும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பேக்கேஜ் பாலிசி, அதாவது காம்ப்ரிஹென்சிவ் என்கிற முழுப் பாலிசி இருந்தால் பின்னால் இருப்பவரும் கேட்கலாம், வண்டி ரிப்பேருக்கும் வரும். பின்சீட்டில் அதிகம் உட்காருவது யாரு? நாமதானே!

ஓட்டுகிற சொந்தக்காரருக்கு ஒரு விபத்துக் காப்பீடு தனியாக உண்டு. 2018-ல் இதை 15 லட்சமாக உயர்த்தினார்கள். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயரோ, அவருக்கு லைசென்ஸ் இருந்து, அவரே ஓட்டும்போதுதான் இது பேசும். நம் ஊரில் என்ன நடக்குது? மானியம், லோன் என்று வண்டியை நம் பெயரில் வாங்குகிறோம். ஓட்டுவது வீட்டுக்காரர் அல்லது மகன். அவர்களுக்கு ஏதாவது ஆனால் அந்த 15 லட்சம் கிடைக்காது. நமக்கு லைசென்ஸ் இல்லையென்றால் நமக்கும் கிடையாது. ஆகவே வண்டி நம் பெயரில் இருந்தால் நாமே ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுப்போம். அடுத்தவர்தான் ஓட்டுவார் என்றால் அவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுப்போம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 18 வயது ஆகாத பையனிடம் சாவி கொடுக்காதீர்கள். 2019-ல் திருத்திய சட்டப்படி, அவன் விபத்து ஏற்படுத்தினால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி மோதினால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்தாலும் அதை நம்மிடம் திரும்பக் கேட்கும். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, அவருடைய வீடும் நிலமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

லோடு ஆட்டோவில் ஏறும் முன்

2019 ஆகஸ்டில் நம் துறையூர் பக்கம் ஜனங்களை ஏற்றிப் போன சரக்கு வேன் சாலையோரக் கிணற்றுக்குள் விழுந்து, குழந்தைகள் உட்பட 8 பேர் இறந்தார்கள். நம்மில் பலர் அந்த வழியில் பஸ்ஸில் போகும்போது இன்னும் அந்தக் கிணற்றுப் பக்கம் பார்க்காமல் போவதில்லை. ஆனாலும் நடவுக்கு, களையெடுக்க, வெங்காயம் அறுக்க என்று நாம் இன்றும் குட்டியானையில் நின்றுகொண்டுதான் போகிறோம்.

சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994-ல் வந்த சட்டத் திருத்தப்படி, தன் சரக்கோடு போகிற சொந்தக்காரருக்கோ அவர் அனுப்பிய ஆளுக்கோ பாதுகாப்பு உண்டு. அதாவது தன் வெங்காய மூட்டையோடு போகிறவருக்கு இடம் இருக்கு, அந்த வெங்காயத்தை அறுக்கப் போகிற கூலிக்காரிக்கு இடம் இல்லை. வண்டிக்காரர் மேல் வழக்குப் போடலாம். அவரிடம் அந்த ஒரு வண்டிதான் சொத்து என்றால் என்ன வாங்க முடியும்? சில வழக்குகளில், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்ததுண்டு. அதை நம்பி ஏற முடியாது.

"லோடு ஆட்டோவில் வரமாட்டேன்னா வேலை கிடைக்காதே" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒருத்தியாகச் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். ஒரு தெருப் பெண்கள் சேர்ந்து, பயணிகள் ஆட்டோவோ வேனோ அனுப்புங்கள் என்று கேட்டால் காட்டுக்காரர் யோசிப்பார். குழு என்று சேர்ந்தது சேமிப்புக்கு மட்டுமா?

20 ரூபாய் காப்பு

அடுத்தவர் வண்டியின் தாளை நம்பாமல், நம் பெயரில் ஒன்று வேண்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா 2015-ல் வந்தது. முதலில் வருஷத்துக்கு 12 ரூபாய், 2022 ஜூன் முதல் 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண் அல்லது இரண்டு கை, கால் போனாலும் 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் முழுதாகப் போனால் 1 லட்சம். ஓட்டினாலும், பின்னால் இருந்தாலும், லோடு ஆட்டோவில் போனாலும், நடந்து போனாலும் உண்டு. வரப்பில் பாம்பு கடித்து இறந்தாலும் உண்டு, உடனே ஆஸ்பத்திரியில் காட்டிய சீட்டு வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம்: சாதாரண எலும்பு முறிவுக்கு இதில் பணம் வராது.

இன்னொன்று, பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா. 18 முதல் 50 வயது வரை சேரலாம், வருஷத்துக்கு 436 ரூபாய். எப்படி இறந்தாலும் 2 லட்சம். இரண்டுக்கும் ஜூன் 1 முதல் மே 31 வரை கணக்கு. மே கடைசியில் பாஸ்புக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பு அறுந்து போகும். குழுக் கணக்கு போதாது, உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கு வேண்டும். இரண்டு பேங்கில் கட்டினாலும் ஒரு தடவைதான் கிடைக்கும்.

நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்காரர் விபத்தில் இறந்துபோனார். மூன்று வாரம் கழித்து, "பேங்குல 20 ரூபாய் சும்மா புடிச்சிருக்காங்க, கேட்டுச் சொல்லுங்க" என்று பாஸ்புக்கை நம் கணக்காளரிடம் நீட்டினார். கணக்காளர் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த 20 ரூபாய்தான் அந்தக் குடும்பத்துக்கு 2 லட்சமாக வந்தது. பாஸ்புக்கைக் காட்டாமல் இருந்திருந்தால்? வீட்டில் யார் யாருக்கு என்ன பாலிசி, வாரிசு யார் என்பது அடுத்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விபத்து நடந்தால்

முதலில் உயிர். 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். பணம் புரட்டிவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, போலீஸ். மோதிய வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் போட்டோ எடுங்கள். புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். காயம், உயிரிழப்பு என்றால் முதல் தகவல் அறிக்கை நகல் கட்டாயம் வேண்டும். "சமாதானமாப் போயிடலாம், கேஸ் எதுக்கு" என்று பத்தாயிரம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். அறிக்கை இல்லையென்றால் பிறகு எந்தக் கதவும் திறக்காது.

மூன்றாவது, கம்பெனி. பாலிசித் தாளில் உள்ள நம்பருக்கு அன்றே, தவறினால் மறுநாளே சொல்லுங்கள். அவர்கள் தரும் கிளைம் நம்பரை எழுதி வையுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை வண்டியை ரிப்பேர் பண்ணக் கூடாது. இவர் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லைங்க, சேதம் அளக்கிறவர். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, கிளைம் படிவம், ஒர்க்‌ஷாப் மதிப்பீடு, பில் எல்லாம் கேட்பார்கள். பில் தொகை முழுதும் வராது. பிளாஸ்டிக், ரப்பர், டயர் சாமான்களுக்கு சாதாரண பாலிசியில் பாதிதான் தருவார்கள். கிளைம் வாங்கினால் அடுத்த வருஷம் போனஸ் தள்ளுபடி போய்விடும். முந்நூறு, நானூறு ரூபாய் சேதத்துக்குக் கிளைம் போடாமல் இருப்பதே லாபம்.

இன்னொரு ஏமாற்றம்: 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு 5 வருஷத் தேர்டு பார்ட்டி சேர்த்தே விற்கிறார்கள். நம் வண்டிச் சேதத்துக்கான பாகம் பெரும்பாலும் 1 வருஷம்தான். "அஞ்சு வருஷம் இருக்கு" என்று நினைத்திருந்து ஏமாறாதீர்கள்.

நான்காவது, நஷ்டஈடு. அடுத்த வண்டியால் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நாம் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2022 ஏப்ரல் முதல் அமலான திருத்தம் 6 மாத கெடு சொல்கிறது, தள்ளிப் போடாதீர்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. இதற்கு வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து புரோக்கரிடம் போகாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற நம்பரில் கூப்பிடலாம்.

அடுத்த கூட்டத்துக்குள்

ஒவ்வொரு குழுவும் மூன்று வேலை செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒன்று, எல்லா உறுப்பினரும் வண்டியின் பாலிசித் தாளைக் கொண்டு வந்து, பேக்கேஜா தேர்டு பார்ட்டியா, தேதி எதுவரை என்று வாசித்துப் பார்ப்பது. இரண்டு, ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா, வாரிசு பெயர் சரியா என்று பார்ப்பது. மூன்று, வேலைக்கு லோடு ஆட்டோவில் போகும் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துக் கூட்டமைப்புக்குத் தருவது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு காட்டுக்காரர்களிடம் நாம் எல்லாரும் சேர்ந்து பேசுவோம்.

இடுப்பு முறிந்த அந்த அக்கா இப்போது நடக்கிறார், இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம், ஆனா விஷயத்தைச் சொல்லுங்க என்று அவர்தான் எங்களைப் பேசச் சொன்னார். இன்றைக்குத் திரும்பிப் போகும்போது பின்சீட்டில் ஏறும் முன், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வண்டித் தாளில் நான் இருக்கேனா?"