யாருக்கு எந்த வாழ்த்து அட்டை?

(ரமலானுக்கு முன் நடைபெற்ற தெருப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'பெருநாள் வாழ்த்து அட்டை' என்று போட்டிருக்கிறது. நோன்புக் கஞ்சி, ஃபித்ரா அரிசி, கல்வி உதவி எல்லாம் பேசி முடித்து, ஆளாளுக்கு வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் வருகிற விஷயம் இது. வருடாவருடம் 'போன வருடம் போலவே' என்று ஒரு வரியில் தீர்மானம் எழுதிவிடுவோம். இந்த முறை தலைவரிடம் கேட்டு இதற்கென்று கொஞ்சம் நேரம் வாங்கியிருக்கிறேன். போன வருடம் போல இந்த வருடமும் அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான்.

போன பெருநாளுக்கு நாம் இரண்டு விதமான அட்டை அடித்தோம். நன்கொடையாளர்களுக்குத் தடித்த அட்டை. தங்க நிறத்தில் பள்ளிவாசல் கோபுரம், உள்ளே வழவழப்பான தாள். உதவி பெறும் குடும்பங்களுக்கு ஒரே மடிப்பில் சாதாரண அட்டை. செலவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். யோசனை என்னுடையது. அப்போது யாரும் மறுத்துப் பேசவில்லை, நானும் அதைப் பெரிய சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே தெருவில் அக்கா, தங்கை இருவர் வீடு. அக்கா மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், நமக்குத் தவறாமல் ஜகாத் அனுப்புகிறவர். தங்கை கணவரை இழந்தவர், மாதாமாதம் நம்மிடம் உதவி பெறுகிறவர். பெருநாள் தொழுகை முடிந்து பிள்ளைகள் இரண்டு வீட்டு அட்டையையும் ஒரே பாயில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 'எங்க வீட்டு அட்டை ஏன் சின்னது?' என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. அந்தத் தங்கை என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து என் வீட்டில் சொல்லியிருக்கிறார்: "ராத்தா, காக்காட்ட சொல்லுங்க. மாசாமாசம் தர்றதை யாருக்கும் தெரியாமத்தான் தர்றீங்க. பெருநாளைக்கு மட்டும் எல்லாருக்கும் தெரியிற மாதிரி அட்டை அனுப்பிட்டீங்களே."

இஷாவுக்குப் பிறகு போங்கள், வாசலில் நிற்காதீர்கள், உறையில் பெயர் எழுதாதீர்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பதினோரு மாதம் பொத்திப் பொத்திக் காத்த மானத்தை ஒரு அட்டையின் கனத்தில் கோட்டைவிட்டேன்.

இதைப் பற்றி நிர்வாகக் கூட்டத்தில் பேசியபோது நம் பெரியவர் ஒருவர் ஒரு நியாயம் சொன்னார். அதையும் உங்கள் முன் வைக்க வேண்டும். ரோமப் பேரரசருக்கு நபி (ஸல்) அவர்கள் கடிதம் எழுத நினைத்தபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதற்காகவே வெள்ளி மோதிரம் ஒன்று செய்து அதில் முத்திரை பொறித்தார்கள். ஆகவே ஆளுக்குத் தக்க மரியாதை என்பது சுன்னத்தில் உள்ளதுதானே என்றார். நல்ல கேள்வி, அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு யோசித்ததில் தோன்றியது இது: முத்திரை வைத்தது கடிதம் படிக்கப்பட வேண்டும் என்பதற்காக. நம் நன்கொடையாளர்கள் தங்க எழுத்து இல்லாவிட்டாலும் பிரித்துப் படிப்பார்கள். அது மட்டுமல்ல, அந்தக் கடிதம் போன ஊரில் இன்னொரு மெலிந்த கடிதம் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை.

இன்னொரு தவறும் நடந்தது. மேலத்தெருவில் ஒரு சகோதரர் ரஜப் மாதம் நடுவில் மவ்த்தானார். ஜனாஸாவில் நம்மில் பாதிப்பேர் நின்றோம். ஷவ்வால் பிறை பார்த்தபோது அவர் மனைவி இன்னும் இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் முடியவில்லை. அந்த வீட்டுக்கு நம் கம்ப்யூட்டர் பட்டியலில் இருந்தபடியே அந்த சகோதரர் பெயருக்கு, 'குடும்பத்தாருடன் மகிழ்ச்சி பொங்கப் பெருநாள் கொண்டாட' வாழ்த்தி, ஜிகினா ஒட்டிய அட்டை போயிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள். கோபப்படவில்லை. "வாப்பா பேருக்கு வந்திருக்கு. இதை என்ன செய்யணும்னு உம்மா கேட்டு வரச் சொன்னாங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். நான் மத்ரஸாவிலும் படித்தவன், கல்லூரியிலும் படித்தவன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

இதில் எனக்குப் பழைய அனுபவமும் உண்டு, அதனால்தான் கூடுதல் வெட்கம். கல்லூரி நாட்களில் பொங்கல் வந்தால் கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பு, பானை, மாடு, சினிமா நடிகர் என்று எல்லாம் இருக்கும். இருப்பதிலேயே பளிச்சென்று இருந்த ஒன்றை வாங்கி என் அறைத் தோழனின் ஊருக்கு அனுப்பினேன். அவன் தகப்பனார் இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் அந்த ஒரு வருடம் பண்டிகை இல்லை என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. விடுமுறை முடிந்து வந்தவன், "அம்மா அதை எடுத்து உள்ள வச்சுட்டாங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு" என்று மட்டும் சொன்னான். அட்டை கடையில் அழகாகத்தான் இருந்தது.

ஒரு சின்ன வரலாறு. கடையில் விற்பதற்கென்று அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று சொல்லப்படுவது 1843இல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்பவர் அடித்தது, படம் வரைந்தவர் ஹார்ஸ்லி. நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்ணுகிறது. சின்னப் பிள்ளைக்கும் மது கொடுப்பதுபோல வரைந்துவிட்டார். மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆக, முதல் அட்டையே சிலர் மனதைப் புண்படுத்தித்தான் தொடங்கியிருக்கிறது. அதே அட்டையின் இரண்டு ஓரங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் படம் இருக்கிறது. விலை ஒரு ஷில்லிங், அந்தக் காலத்துக் கூலியாளுக்கு எட்டாத விலை. ஏழைகள் படத்தில் இருந்தார்களே தவிர, அட்டை அவர்களுக்குப் போகவில்லை.

நம் விஷயத்துக்கு வருகிறேன். மாற்று மதச் சகோதரர்களுக்கு அனுப்பும் அட்டை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா ஒருவர் நம் மாணவிகளுக்குப் பல வருடம் இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு நாம் அனுப்பிய அட்டைகளில் மேலே அரபியில் குர்ஆன் வசனம் இருந்தது. ஒருநாள் பார்க்கப் போனேன். பூஜை அறை அலமாரியில் நம் அட்டைகள் ஏழெட்டு வரிசையாக அடுக்கியிருந்தன. "இதுல சாமி எழுத்து இருக்கு. கிழிக்கவும் மனசு வரல, கீழ வைக்கவும் மனசு வரல. எங்க வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். வருடாவருடம் வாழ்த்தோடு ஒரு கவலையையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறோம். வசனத்தை மதிக்கத் தெரிந்த வீட்டுக்கே இந்தச் சங்கடம். மற்ற வீடுகளில் அது எங்கே போய் விழுந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இனி நம் அட்டையில் வசனம் வேண்டாம்.

நோயாளிகளுக்கு அனுப்பும் 'விரைவில் பூரண நலம் பெற' அட்டையையும் நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. காய்ச்சல்காரருக்கு அது பொருந்தும். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் சகோதரர் ஒருவர் சொன்னார்: "குணமாயிடும்னு எல்லாரும் எழுதுறாங்க காக்கா. செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி நாள்னு ஒருத்தருக்கும் தெரியல." அவருக்கு அச்சடித்த பூங்கொத்து எதற்கு? துஆச் செய்கிறோம் என்று ஒரு வரி, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்டோ வரும் என்று இன்னொரு வரி, இதை நம் கையால் எழுதி அனுப்பினால் போதும். எழுதினால் ஆட்டோ வரவேண்டும், அது வேறு விஷயம். அதற்கான பொறுப்பைத் தெற்குத்தெரு தம்பிகள் ஏற்றிருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக.

இளைஞர் ஒருவர் எழுந்து, "இவ்வளவு சிரமம் எதுக்கு? வாட்ஸ்அப்ல ஒரே படம் போட்டுடலாமே" என்று கேட்பார் என்று எனக்குத் தெரியும்; அதோ சிரிக்கிறார். தம்பி, ஒரே படத்தை முந்நூறு பேருக்கு அனுப்புவதும் ஒரே அட்டையை முந்நூறு பேருக்கு அனுப்புவதும் ஒன்றுதான். இத்தாவில் இருப்பவருக்கும் அதுதான் போகும், ஒரு நொடியில் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிர்வாகத்தில் பேசி முடிவுசெய்ததைச் சொல்கிறேன். இந்த வருடம் எல்லோருக்கும் ஒரே தாளில் ஒரே அட்டை. வெளியே ஒரு பிறை மட்டும். உள்ளே வெறுமையாக இருக்கும், எழுதுவது நீங்கள். செலவை நிர்வாகிகள் எங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஜகாத் பணத்தில் ஒரு காசு கூட இதற்கு எடுக்கப்படாது. உறையில் 'மர்ஹூம் இன்னார் மனைவி' என்று எழுதாதீர்கள், அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. தபாலில் போகவேண்டியவை தவிர மற்றதைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் ஒரே ஆள் போகட்டும்.

எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், சிரமம் அங்கேதான். இந்த வருடம் மவ்த் நடந்த வீடு, இத்தாவில் இருப்பவர், படுக்கையில் இருப்பவர், மகனைப் பறிகொடுத்தவர், நிச்சயமான திருமணம் நின்றுபோன வீடு இவற்றுக்கெல்லாம் வாழ்த்து வேண்டாம். ஸலாமும் துஆவும் மட்டும் எழுதுங்கள். மவ்த்தான வீட்டுக்கு ஒரு சஹன் சாப்பாடு கொண்டுபோவது அதைவிட நல்லது. ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அந்த வீட்டாருக்கு உணவு சமைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டின் நிலை தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் பக்குவமாக விசாரியுங்கள். விசாரிப்பே வம்பாகிவிடக் கூடாது. அப்படியும் தெரியவில்லை என்றால் 'தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்' என்று ஸஹாபாக்கள் ஒருவருக்கொருவர் சொன்ன துஆவை எழுதுங்கள். எங்களிடமும் உங்களிடமும் உள்ளதை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்பதுதான் பொருள். சிரிக்கிறவருக்கும் அழுகிறவருக்கும் அது பொருந்தும்.

நம் பெண் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலத்தெரு வீட்டுக்கு இந்த முறை நீங்களே போங்கள். அந்த அம்மாவின் இத்தா முடிந்து பல மாதமாகிவிட்டது, ஆனாலும் அட்டை கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். என் ஸலாமையும் சொல்லுங்கள்.

தெருவாரியாகப் பதிவேடு இந்த மேசைமேல் இருக்கிறது. புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம், 'இந்த வருடம் இந்த வீட்டில்' என்று. பழைய பட்டியலில் மவ்த்தானவர்கள் பெயரை முதலில் அடித்துவிடுவோம். பேனா எல்லோரிடமும் இருக்கிறதா? மேலத்தெருவிலிருந்து வாசிக்கிறேன். அஸர் பாங்குக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.